காரீயக் குதிரைகள்

டோல்கேட்டுக்குப் பக்கத்தில், திருவொற்றியூர் நெடுஞ்சாலையைப் பார்த்தபடி இருந்த சுயம்புவின் கடையில் ஆணி, தாழ்ப்பாள், தேங்காய்நார்க் கயிறு, பெயிண்ட், வலைக்குக் கட்டும் காரீயக் குண்டு என்று வீட்டுக்கும் கடலுக்கும் வேண்டியதெல்லாம் கிடைக்கும். கடை அவன் மாமா வைத்தது. மாமா மகள் ஆவுடையம்மாளைக் கட்டிக்கொண்டபோது கடையும் கூடவே வந்தது. இரண்டையும் அவன் வேண்டாமென்று சொல்லவில்லை. வேண்டுமென்றும் கேட்டதில்லை. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து ரயிலேறி வந்து முப்பது வயது ஆகும்வரை, தானாக ஆசைப்பட்டு எடுத்துக்கொண்ட பொருள் என்று அவனிடம் ஒன்றுகூட இல்லை.

நாற்பத்தேழாம் வருஷம், ஆடி மாதத்தில் ஒருநாள், துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் இக்னேஷியஸ் கடைக்கு வந்தார். ராயபுரத்துக்காரர், கயிறு வாங்க வந்தால் அரைமணி நேரம் பேசாமல் போகமாட்டார்.

"இன்னா மொதலாளி, ஒரு தொர வூட்ட காலி பண்ணிகினு கப்பல் ஏறப் போறான். ஏணி, பெயிண்டு, கயிறு அல்லாத்தையும் ஏலத்துல வுடறாங்கோ. வரியா, பாத்துட்டு வந்துர்லாம்?"

ஏணி வாங்கப் போன சுயம்பு, மரத்தூள் நிரப்பிய ஒரு பெட்டியோடு திரும்பி வந்தான். பெட்டிக்குள் பதினான்கு காரீயப் பொம்மைகள். ஒவ்வொன்றும் சுண்டுவிரல் உயரம். நெப்போலியனின் கவசக் குதிரைப்படை வீரர்கள்: மார்பில் இரும்புக் கவசம், தலைக்கவசத்திலிருந்து முதுகில் தொங்கும் குதிரைமயிர், கையில் நீட்டிய நேர்வாள். பெட்டியின் அடியில் அந்தக் காலத்துப் படைச் சீருடைகளைப் பற்றிய தடித்த ஆங்கிலப் புத்தகம் ஒன்றும் கிடந்தது. சுயம்பு பாளையங்கோட்டையில் பத்தாவது வரை படித்தவன். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அதை ஆறு மாதத்தில் வாசித்து முடித்தான்.

முடித்தபோதுதான் அவனுக்கு உறுத்தல் தொடங்கியது. பொம்மைகள் தப்பாக இருந்தன. செய்தவன் எல்லோருக்கும் ஒரே சிவப்புக் கழுத்துப்பட்டி அடித்து வைத்திருந்தான். புத்தகத்தின்படி சிவப்பு முதல் மூன்று ரெஜிமெண்டுகளுக்கு மட்டும்தான். நான்கு, ஐந்து, ஆறுக்கு ஆரஞ்சும் ரோஜாவும் கலந்த ஒரு நிறம். பிரெஞ்சுக்காரர்கள் அதற்கு விடியல் என்று பேர் வைத்திருந்தார்கள். அதிலும் ஐந்தாவது ரெஜிமெண்டின் கைமடிப்பு விடியல் நிறம், அதன்மேல் தைத்த சிறு பட்டி நீலம். ஆறாவதுக்கு அதுவே தலைகீழ். கடையில் நாள்பூராவும் பேரம் பேசி, நியாயம் பேசி, கடைசியில் யார் சொன்னது சரி என்று தெரியாமலே கதவைச் சாத்துகிறவனுக்கு, சரி என்றும் தப்பு என்றும் இவ்வளவு தெளிவாகப் பிரிந்து கிடந்த ஓர் உலகம் கையில் கிடைத்தது.

ஞாயிற்றுக்கிழமைகளில் கடை கிடையாது. காலையில் குளித்துவிட்டுப் பின்கட்டில் பாய் விரித்து உட்கார்ந்துவிடுவான். பழைய பெயிண்டைக் கத்தியால் சுரண்டுவான். வாள் உடைந்ததற்குப் புது வாள் ஒட்டுவான். பெயிண்டுக்கு வெளியே போக வேண்டியதில்லை. கடையிலேயே வெள்ளை ஈயமும் செந்நிற ஈயப்பொடியும் மஞ்சளும் இருந்தன. விடியல் நிறம் கூடிவர நான்கு மாதம் ஆயிற்று. பதினான்கு பேர் போதாதென்று தோன்றியதும் களிமண்ணில் அச்சு எடுத்து, வலைக் குண்டுகளைச் சமையற்கட்டுக் குமுட்டியில் இரும்புக் கரண்டி வைத்து உருக்கி, புதிதாக வார்க்கவும் கற்றுக்கொண்டான். வார்த்ததை அரத்தால் ராவினால் சாம்பல் நிறப் பொடி பாயெல்லாம் விழும். ஆவுடையம்மாள் பெருக்கித் தள்ளுவாள்.

நீலா பிறந்து தவழ ஆரம்பித்ததும் அவளும் அந்தப் பாய்க்கு வந்துவிட்டாள்.

"அத்தான், நீங்க விளையாடுதியளா, பிள்ளை விளையாடுதாளான்னே தெரியல," என்று ஆவுடையம்மாள் சிரிப்பாள். அவளுக்கு அதில் வருத்தம் இல்லை. மற்ற ஆண்கள் ஞாயிற்றுக்கிழமை எங்கெங்கோ போகிறார்கள். இவன் வீட்டில் இருக்கிறான்.

இங்கிலாந்தில் பிரிட்சர்ட் என்று ஓய்வுபெற்ற பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர் இதே படையைச் சேர்த்துவருவதாக ஒரு பத்திரிகையில் பார்த்து, சுயம்பு அவருக்குக் கடிதம் எழுதினான். ஸ்டுடியோவில் பொம்மைகளைப் படம் எடுத்து, நிறம் தீட்டிய காகிதத் துண்டுகளோடு அனுப்பினான். அவர் தவறுகளைக் குறித்து பதில் போடுவார். எக்காளம் ஊதுகிறவன் எப்போதும் வெள்ளைச் சாம்பல் குதிரையில்தான் வருவான், உங்கள் படையில் அவன் இல்லையே என்று கேட்டிருந்தார். அன்றிலிருந்து எக்காளக்காரனை வார்ப்பதே சுயம்புவின் கவலையாகிவிட்டது.

அந்த வேலையில் ஒருநாள் ஒரு குதிரையின் முன்னங்கால் ஒடிந்தது. பக்கத்தில் உட்கார்ந்து நீலா சிணுங்கிக்கொண்டிருந்தாள். "இந்தா, இது உனக்கு," என்று அதை அவள் கையில் கொடுத்தான். மூன்று வயதுகூட நிறையவில்லை. அவளுக்கென்று அப்பா கொடுத்த முதல் குதிரை அது. தூங்கும்போதும் அதை விடமாட்டாள். வாயில் போட்டுச் சப்பிக்கொண்டே இருப்பாள்.

"இனிக்குப்பா," என்றாள் ஒருநாள்.

சுயம்பு சிரித்தான். குதிரை எங்கேயாவது இனிக்குமா என்று ஆவுடையம்மாளைக் கூப்பிட்டு அதைச் சொல்லவும் செய்தான்.

ஐம்பத்தோராம் வருஷம் தை மாதத்தில் பிள்ளை சோற்றை ஒதுக்க ஆரம்பித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுவாள். நாலு நாளைக்கு ஒருதரம்தான் வெளிக்குப் போவாள். முகம் வெளுத்தது. பேசிக்கொண்டிருந்த சொற்கள் ஒவ்வொன்றாகக் குறைந்தன. மீன் கொண்டுவரும் குப்பம்மா கன்னத்தைத் தொட்டுப் பார்த்து, "பூச்சி கீதும்மா வவுத்துல. வேப்பங்கொயுந்து அரைச்சுக் குடு, சரியாப் பூடும்," என்றாள். ஆவுடையம்மாள் கொடுத்தாள். குறையவில்லை.

மாசி மாதம் தெருக் குழாயடியில் ஆவுடையம்மாள் ஒரு இடுப்பில் பிள்ளையும் மறு இடுப்பில் குடமுமாக நின்று குப்பம்மாவோடு பேசிக்கொண்டிருந்தபோது, பாசியில் கால் வழுக்கிப் பிள்ளையை விட்டுவிட்டாள். நீலாவின் பின்தலையில் எலுமிச்சம்பழ அளவு வீங்கியது. இரண்டு நாளில் வீக்கம் வடிந்தது. பத்தாம் நாள் காலையில் வலிப்பு வந்தது. கண் மேலே செருகி, கைகால் வெட்டி, நின்று, மறுபடி வெட்டியது. ரிக்ஷாவில் போட்டுக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள்.

மூன்றாம் நாள் டாக்டரம்மா சுயம்புவைத் தனியாகக் கூப்பிட்டு, ஒரு எக்ஸ்ரே படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினாள்.

"முட்டி எலும்பு ஓரத்தில் வெள்ளையா ஒரு கோடு தெரியுது, பாருங்க. ஈறுலேயும் நீலமா ஒரு கோடு இருக்கு. இது காரீய விஷம். வீட்டில் காரீயம் புழங்குறீங்களா?"

"கடையில இருக்கும்மா. வலைக் குண்டு."

"கடைக்குக் குழந்தை வருமா?"

"வராது."

"அப்போ வீட்டில்? பழைய பெயிண்ட், பொம்மை, ஏதாவது?"

"பொம்மை இருக்கு," என்றான் சுயம்பு.

"வாயில் வைப்பாளா?"

"வைப்பா."

"கீழே விழுந்ததா அம்மா சொன்னாங்க. இதுக்கும் அதுக்கும் சம்பந்தமில்லை. மாசக்கணக்கா உடம்பில் ஏறியிருக்கு. ஊசி போடுறோம், பிழைச்சுக்குவா. ஆனா மூளை பழையபடி ஆகுமான்னு சொல்ல முடியாது. வீட்டை நல்லா கழுவுங்க, அந்தப் பொம்மைகளைத் தூரப் போட்டுடுங்க. அம்மாகிட்டயும் சொல்லிடுங்க."

அவன் தலையாட்டினான். வார்டுக்குத் திரும்பும் நீண்ட தாழ்வாரத்தில் எப்படிச் சொல்வது என்று வார்த்தைகளைக் கூட்டிக்கொண்டே நடந்தான். சொல்லத்தான் போனான். கட்டிலோரம் தரையில் உட்கார்ந்திருந்த ஆவுடையம்மாள் அவனைக் கண்டதும் எழுந்தாள்.

"டாக்டரம்மா என்ன சொன்னாவ? நாந்தானே அத்தான்? கீழ போட்டுட்டேனே, அதானே? மறைக்காமச் சொல்லுங்க. நாந்தான் பிள்ளையைக் கொன்னுட்டேன்."

சுயம்பு வாயைத் திறந்தான். "மூளையில கோளாறுன்னு சொல்லுதாவ," என்றான்.

அதற்குமேல் வரவில்லை. அது பொய்யும் இல்லை. ஆவுடையம்மாள் சுவரில் தலையை மோதிக்கொண்டு அழுதாள். அவன் அவள் தோளைப் பிடித்துக்கொண்டான்.

அன்று மாலை வீட்டுக்கு வந்து தரை, சுவர், பாய், சமையற்கட்டு எல்லாவற்றையும் சோடா உப்புப் போட்டுத் தானே தேய்த்துக் கழுவினான். பெண்டாட்டி ஆஸ்பத்திரியில் கிடக்க, இந்த மனுஷன் வீட்டைக் கழுவுகிறானே என்று தெருவில் பெருமையாகப் பேசினார்கள். பொம்மைகளைப் பெட்டியில் அடுக்கிக் கடையின் பரணில் ஏற்றினான். தூரப் போடவில்லை. நாளைக்குப் போட்டுவிடலாம் என்று நினைத்துக்கொண்டான்.

அடுத்த வாரம் பிரிட்சர்டின் கடிதம் வந்தது. அதை அவன் ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் நின்று பிரித்தான். ஐந்தாம் ரெஜிமெண்டின் விடியல் நிறத்தை இவ்வளவு சரியாக இதற்குமுன் யாரும் செய்து தான் பார்த்ததில்லை என்று எழுதியிருந்தார். அதை வாசித்தபோது சுயம்புவின் நெஞ்சு ஒரு கணம் நிறைந்தது. உள்ளேயிருந்து பிள்ளை முனகும் சத்தம் கேட்டதும் கடிதத்தை மடித்துப் பையில் வைத்தான். அந்த ஒரு கணத்தை அவனால் பிறகு மன்னிக்கவே முடியவில்லை.

இரண்டு மாதம் கழித்து நீலா வீட்டுக்கு வந்தாள். பேச்சு போயிருந்தது. வலது கை மணிக்கட்டிலிருந்து தொங்கியது. மாதம் ஒருதரம், இரண்டுதரம் வலிப்பு வந்தது. கூப்பிட்டால் சில வேளை திரும்புவாள்.

ஊரிலிருந்து ஆவுடையம்மாளின் தாய் வந்து பார்த்துவிட்டு, "ஒத்தப் பிள்ளையை இடுப்புல வச்சிருக்கத் தெரியாதவளுக்கு வாய்ப்பேச்சு என்ன வேண்டிக்கிடக்கு?" என்று பத்து நாள் பேசினாள். சுயம்பு அதே கூடத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தான். அதற்குப் பிறகு ஆவுடையம்மாள் யாரோடும் நின்று பேசுவதை விட்டுவிட்டாள். திருச்செந்தூரில் மொட்டை போட்டாள். செவ்வாய், வெள்ளி பட்டினி. தண்ணீருக்குப் போகும்போது பிள்ளையைப் பழைய சேலையால் தன் வயிற்றோடு இறுகக் கட்டிக்கொண்டு போவாள். ஒவ்வொரு தடவையும் சுயம்பு, இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும் என்று நினைப்பான். நாள் போகப் போக, சொல்ல வேண்டியது இரண்டாகிவிட்டது: என்ன நடந்தது என்பது ஒன்று, இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்பது இன்னொன்று. முதலாவதையாவது சொல்லிவிடலாம் போலிருந்தது.

இதற்கு நடுவில் அவன் இன்னொன்றும் செய்தான். மறுவருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கடையில் சரக்கு அடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போய், பரணிலிருந்து பெட்டியை இறக்கினான். பார்த்துவிட்டு வைத்துவிடலாம் என்றுதான். எக்காளக்காரன் குதிரையில்லாமல் கிடந்தான். புதிதாக ஒரு குதிரை வார்க்க அவனுக்குக் கை வரவில்லை. அந்தக் கால் ஒடிந்த குதிரை துணியில் சுற்றியபடி பெட்டியின் மூலையில் இருந்தது. அதற்குக் கால் ஒட்டினான். வெள்ளைச் சாம்பல் அடித்தான். எக்காளக்காரனை அதன்மேல் ஏற்றி வரிசைக்கு முன்னால் நிறுத்தினான். எந்தக் குதிரை என்று தெரிந்தேதான் செய்தான். அன்று முழுதும் அவனுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அடுத்த ஞாயிறும் போனான்.

ஐம்பத்துநான்கில் ஆவுடையம்மாள் மறுபடி உண்டானாள். ஏழாம் மாதம், ஒரு ஞாயிறு பகலில், நீலாவுக்குச் சோறு ஊட்டிவிட்டு வாயைத் துடைத்தபடியே சொன்னாள்.

"அத்தான், இந்தப் பிள்ளையைப் பெத்ததும் எங்க அக்காகிட்டக் கொடுத்துருவோம். அவளுக்குப் பிள்ளை இல்ல. நான் எழுதிப் போட்டுட்டேன், சரின்னுட்டா."

"ஏளா, என்ன சொல்லுத?"

"என் கையில பிள்ளை தங்காது. ராத்திரி கண்ணை மூடினா நான் கீழ போடுத மாதிரியே வருது. இதையும் போட்டுருவேன். வேண்டாம். பெத்துக் கொடுத்துருதேன்."

அவள் அழவில்லை. வெகுநாள் யோசித்து முடிவெடுத்தவள் போலச் சொன்னாள். சுயம்பு எழுந்து நின்றான். மறுபடி உட்கார்ந்தான்.

"ஆவுட, நீ கீழ போட்டதுனால இல்ல."

"என்ன?"

"பிள்ளை இப்படி ஆனது நீ கீழ போட்டதுனால இல்ல. காரீயம். நான் கொடுத்த குதிரை. நான் ராவின பொடி. டாக்டரம்மா அன்னைக்கே சொன்னாவ. விழுந்ததுக்கும் இதுக்கும் சம்பந்தமில்லன்னு சொன்னாவ. உன்கிட்டச் சொல்லச் சொன்னாவ."

ஆவுடையம்மாள் கையிலிருந்த துணியை மடித்தாள். இன்னொரு மடிப்பும் மடித்தாள்.

"அன்னைக்கேவா?"

"அன்னைக்கே."

"எங்கம்மா என்னைப் பேசும்போது நீங்க பக்கத்துலதான இருந்திய?"

"ஆமா."

"திருச்செந்தூர்ல மொட்டை போட்டப்ப?"

"இருந்தேன்."

நெடுஞ்சாலையில் லாரி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது.

"அந்தப் பொம்மையெல்லாம் எங்க?"

அவன் கடைச் சாவியை எடுத்தான். நீலாவைத் தூக்கிக்கொண்டு அவள் பின்னால் வந்தாள். அடைத்த கடையின் பக்கவாசல் வழியாக உள்ளே போனார்கள். பெட்டியை இறக்கி, ஒவ்வொன்றாகக் கல்லாப் பலகையின்மேல் நிறுத்தினான். விரல்கள் பழக்கத்தில் அவற்றை வரிசையாகவே நிறுத்தின.

"இதுல எது?"

அவன் முன்னால் நின்ற சாம்பல் குதிரையைக் காட்டினான்.

ஆவுடையம்மாள் குனிந்து பார்த்தாள். "அதுக்குக் கால் ஒடிஞ்சில்லா இருந்துச்சு."

"ஒட்டிட்டேன்."

"எப்ப?"

"மறுவருஷம்."

அவள் பிள்ளையை அணைத்தபடியே மெல்ல ஆணிப் பெட்டியின்மேல் உட்கார்ந்தாள். அவற்றைத் தூக்கி எறியவில்லை, தட்டிவிடவும் இல்லை. நீலா பளபளக்கும் கவசங்களைப் பார்த்து இடது கையை நீட்டினாள். ஆவுடையம்மாள் அந்தக் கையைப் பிடித்துத் தன் மடிக்குள் வைத்துக்கொண்டாள்.

"சரியா வந்திருக்கா?" என்று கேட்டாள்.

வாலின் நிறம் இன்னும் கொஞ்சம் வெளிறியிருக்க வேண்டும் என்று சுயம்புவின் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அவன் பல்லைக் கடித்துக்கொண்டான். ஆனால் அவள் அவன் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். சொல் வந்ததும் அவளுக்குத் தெரிந்தது, அதை அவன் விழுங்கியதும் தெரிந்தது. பிள்ளையோடு எழுந்து வீட்டுக்குப் போய்விட்டாள்.

மறுநாள் சுயம்பு பொம்மைகளை ஒரு காலி பெயிண்ட் டிரம்மில் போட்டான். புத்தகத்தையும் போட்டான். எங்கே எறிந்தாலும் ஏதாவதொரு பிள்ளை எடுத்துவிடும் என்று தோன்றியது. சிமெண்ட் கலந்து ஊற்றி, காய விட்டு, இக்னேஷியஸைக் கூப்பிட்டு அனுப்பினான். கடல் அரிக்காமலிருக்கப் பாறை கொட்டும் இடத்துக்குக் கைவண்டியில் தள்ளிக்கொண்டு போனார்கள்.

"இன்னா கீது மொதலாளி இதுல? யான கனம் கனக்குது," என்றார் இக்னேஷியஸ்.

சுயம்பு சொன்னான். இரண்டாம் தடவை சொல்வது எளிதாக இருக்கும் என்று நினைத்திருந்தான். இருக்கவில்லை. இக்னேஷியஸ் வண்டியை நிறுத்திவிட்டுக் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"அடப்பாவி. தெரியாமக் குட்துட்ட, சரி. உன் பொண்டாட்டி மூணு வருசமா செத்துகினு கீதே, அத்தப் பாத்துகினா இருந்த?"

இரண்டு பேருமாக டிரம்மைப் பாறைகளுக்கு நடுவில் உருட்டிவிட்டார்கள். திரும்பும்போது இக்னேஷியஸ் வண்டியைத் தனியாகவே தள்ளிக்கொண்டு முன்னால் போனார். அதன்பின் கயிறு வாங்க அவர் வேறு கடைக்குப் போக ஆரம்பித்தார்.

பிள்ளை ஐப்பசியில் பிறந்தது, ஆண். ஆவுடையம்மாள் அவனை அக்காளிடம் கொடுக்கவில்லை. அக்காளுக்கு அவளே கடிதம் எழுதினாள்; அதில் என்ன எழுதினாள் என்று சுயம்புவுக்குத் தெரியாது. அவள் தாய் அந்த முறை வந்தபோது மருமகன் வைத்த தண்ணீர்ச் செம்பைத் தொடவில்லை. ஆவுடையம்மாள் பட்டினி கிடப்பதை நிறுத்தினாள். குழாயடியில் நின்று குப்பம்மாவோடு பேசினாள். ஒருநாள் அவள் சிரிக்கும் சத்தம்கூடக் கடைவரை கேட்டது. சுயம்புவிடம் மட்டும் அரிசி, எண்ணெய், மருந்து என்று தேவையானதைச் சொல்வாள். மகனை அவன் தூக்கலாமா என்று கேட்டதில்லை, அவளும் நீட்டியதில்லை. பையன் தானாக நடந்து வந்து அவன் முழங்காலைப் பிடித்த அன்று, அவன் கையை இரண்டு தடவை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வந்தான். அதற்குள் அவள் பையனை உள்ளே கூட்டிக்கொண்டு போயிருந்தாள்.

ஒன்றை மட்டும் அவள் அவனிடம் கொடுத்தாள். தினமும் மத்தியானம் நீலாவுக்கு அவன்தான் சோறு ஊட்ட வேண்டும் என்றாள். அதற்காக அவன் பன்னிரண்டு மணிக்குக் கடையைச் சாத்துவான். குழைத்த பருப்புச் சோறு. சில நாள் நீலா கரண்டியைக் கடித்துக்கொண்டு விடமாட்டாள். இழுத்தால் பல் வலிக்கும், தாடை தானாகத் தளரும்வரை காத்திருக்க வேண்டும். சில நாள் துப்புவாள். ஒரு கிண்ணம் முடிய ஒருமணி நேரம் ஆகும். அவளுக்கு எட்டு வயது நடந்துகொண்டிருந்தது. அவள் கண் அவன்மேல் படும், தாண்டிப் போகும், மறுபடி படும். அவனை அடையாளம் தெரிகிறதா என்று அவனுக்குத் தெரியாது.

"முடிஞ்சுதா?" என்று ஆவுடையம்மாள் உள்ளேயிருந்து கேட்பாள்.

"இன்னும் ரெண்டு வாய் இருக்கு," என்பான் சுயம்பு.